எட்டு மைக், ஒரே டேக்: வீட்டு ரெக்கார்டிங்குக்குப் பல சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி பக்கம் கூத்து ஜமாவோ, பம்பை செட்டோ, சர்ச் பாடகர் குழுவோ, மெல்லிசைக் குழுவோ தங்கள் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்ய நினைக்கும்போது எழும் கேள்விகள் இவை. மைக், வாத்தியங்களின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதில் ஒரு ஒலி போகும் தனி வழி ஒரு சேனல். ஒரே ஆள் ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவதற்கு இரண்டு சேனல் பெட்டியே போதும். ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, ஒவ்வொருவர் ஒலியும் தனித்தனி டிராக்காக வேண்டும் என்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

பெட்டி மேல "18 இன், 20 அவுட்"னு போட்டிருக்கு. அப்போ 18 மைக் மாட்டலாமா?

மாட்ட முடியாது. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த எண்ணில்தான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யுஎம்சி1820 இரண்டிலும் அந்த 18 என்பது 8 மைக்/லைன் உள்ளீடு (லைன் என்பது கீபோர்டு போன்றவற்றிலிருந்து நேராக வரும் ஒலி), ஆப்டிகல் ஏடாட் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக வரும் 8, எஸ்பிடிஃப் என்ற இன்னொரு டிஜிட்டல் இணைப்பு வழியாக வரும் 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஏடாட் துளையில் மைக்கை மாட்ட முடியாது. அதற்குத் தனியாக இன்னொரு பெட்டி வேண்டும். ஆக, கடையிலிருந்து வந்த அன்றைக்கு மாட்டக்கூடியது 8 மைக்.

ஸ்கார்லெட் 18ஐ8 மூன்றாம் தலைமுறையிலும் அதே 18 இருக்கிறது. ஆனால் மைக்கின் மெல்லிய ஒலியைத் தூக்கித் தரும் மைக் ப்ரீஆம்ப் நான்குதான். டாஸ்கம் யுஎஸ்-16எக்ஸ்08-இல் 16 உள்ளீடு உண்டு. அதில் 8 மைக்குக்கு, 8 லைனுக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட எண்ணை விட்டுவிடுங்கள். விவரப் பட்டியலில் "மைக் ப்ரீஆம்ப்" என்ற வரிக்கு நேராக இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

எங்களுக்கு எத்தனை மைக் வேணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

ஆளை எண்ணாதீர்கள், ஒலி புறப்படும் இடத்தை எண்ணுங்கள். ஒரு கூத்து ஜமாவை எடுத்துக்கொள்வோம். முன்னால் பாடும் வேஷக்காரர்களுக்கு 2, பின்பாட்டுக்கு 1, ஆர்மோனியத்துக்கு 1, மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று 2, டோலக்குக்கு 1, முகவீணைக்கு 1. எட்டு முடிந்துவிட்டது. தாளத்துக்கு மைக்கே வேண்டாம், அதன் ஒலி எட்டு மைக்கிலும் ஏறிவிடும். சலங்கையும் அப்படித்தான். சலங்கை தனியாக வேண்டும் என்று வாத்தியார் சொன்னால் டோலக் மைக்கையோ பின்பாட்டு மைக்கையோ விட்டுக்கொடுக்க வேண்டிவரும். கூத்துக்கு எட்டு சேனல் என்பது சொகுசு அல்ல, அவசியமான அளவு.

பம்பை செட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. பம்பையில் குச்சி விழும் பக்கம் ஒன்று, கை விழும் பக்கம் ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, பாடுபவருக்கு ஒன்று. நான்கு போதும். ஆனால் ஒரு பம்பை இரண்டானால் ஆறு ஆகிவிடும்.

மெல்லிசைக் குழுவில் மைக் குறைவு, லைன் அதிகம். கீபோர்டு இடம், வலம் என்று 2 லைன். ஆக்டோபேட் 2 லைன். பேஸ் கிதார் 1. பாடகர்கள் 2 மைக். கூட்டினால் 7. சர்ச் பாடகர் குழுவுக்கு எதிரே ஸ்டீரியோவாக 2 மைக், தனிக்குரலுக்கு 1, கீபோர்டுக்கு 2 லைன், ஆக ஐந்து.

வந்த எண்ணோடு இரண்டைக் கூட்டி வாங்குங்கள். ஒரு சேனல் பழுதானாலும், கடைசி நேரத்தில் புல்லாங்குழல்காரர் ஒருவர் வந்தாலும் பதிவு நிற்காது.

ஒவ்வொருத்தரையா தனித்தனியா எடுத்துட்டு அப்புறம் சேர்த்துக்கலாமே? ரெண்டு சேனல் போதாதா?

மெல்லிசைக்கு அது நன்றாகவே போதும். கிளிக் (சீரான தாளச் சத்தம்) ஹெட்ஃபோனில் ஓடும், எல்லோரும் அதன் மேல் வாசிப்பார்கள். கூத்துக்கும் பம்பைக்கும் ஒத்துவராது. மிருதங்கக்காரர் வேஷக்காரரின் காலைப் பார்த்து வாசிக்கிறார். அடவு முடிகிற இடத்தில் காலம் தானாக ஏறும், விருத்தத்தில் தாளமே நின்றுவிடும். ஆளில்லாமல் ஹெட்ஃபோனைக் கேட்டு வாசிக்கச் சொன்னால் கை சரியாக விழும், கூத்து இருக்காது. இதற்காகத்தான் பல சேனல் பெட்டிக்குப் பணம் செலவழிக்கிறோம்.

எங்க மிக்சர்லயே யூஎஸ்பி இருக்கு. அதுவே போதாதா?

பெரும்பாலான மிக்சர்களின் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போவது இடம், வலம் என்ற இரண்டு சேனல் கலவை மட்டும். எட்டு மைக் மாட்டியிருந்தாலும் பதிவில் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. முகவீணை தூக்கலாக விழுந்துவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டியதுதான்.

பல டிராக்காக அனுப்பும் மிக்சர்களும் உண்டு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே அப்படிப்பட்டது. பெரிங்கர் எக்ஸ்ஆர்18-இல் 16 மைக் ப்ரீஆம்ப் இருக்கிறது, 18 சேனலும் யூஎஸ்பியில் தனித்தனியாகப் போகும். அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் ஃபேடர் கிடையாது, டேப்லெட்டோ கணினியோ வைத்து இயக்க வேண்டும். சாம்பிள் ரேட் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது) 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. திருவிழா மேடைக்கும் வீட்டுப் பதிவுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்றால் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு ஜூம் எல்-12: எட்டு மைக் ப்ரீஆம்ப், எஸ்டி கார்டில் தனித்தனி டிராக், ஐந்து ஹெட்ஃபோன் வழி.

எட்டு போதலைனா பிறகு கூட்ட முடியுமா?

ஏடாட் உள்ளீடு இருக்கும் பெட்டியாக இருந்தால் முடியும். அலெசிஸ் நிறுவனம் எட்டு டிராக் டேப் ரெக்கார்டருக்காகக் கொண்டுவந்த இணைப்பு இது. மெல்லிய ஆப்டிகல் கேபிள் ஒன்றில் 48 கிலோஹெர்ட்ஸில் 8 சேனல் போகும். 96-க்கு ஏற்றினால் நான்காகக் குறைந்துவிடும். பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற எட்டு மைக் பெட்டியை வாங்கி, அதன் ஆப்டிகல் அவுட்டை இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் இன்னில் மாட்டினால் 16 மைக்.

இங்கே தவறு நடப்பது கிளாக்கில், அதாவது ஒலியை அளக்கும் வேகத்தைக் காக்கும் உள் கடிகாரத்தில். இரண்டு பெட்டியும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். ஒற்றைக் கேபிள் மட்டும் போட்டிருந்தால், கூடுதல் பெட்டியை மாஸ்டராக வைத்து, இன்டர்ஃபேஸின் மென்பொருளில் கிளாக் சோர்ஸை "ஏடாட்" என்று மாற்றுங்கள். "இன்டர்னல்" என்றே விட்டால் பதிவு முழுக்க இங்கொன்றும் அங்கொன்றுமாக "டிக்" சத்தம் வரும். மைக்கைச் சந்தேகிப்பார்கள், கேபிளை மாற்றுவார்கள், போகாது.

நாலு சேனல் பெட்டி ரெண்டை ஒரே கம்ப்யூட்டர்ல மாட்டினா?

விண்டோஸில் ஏசியோ (பதிவு மென்பொருளையும் பெட்டியையும் நேராக இணைக்கும் டிரைவர் முறை) வழியாக ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் ஓடும். மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் அமைப்பில் இரண்டையும் சேர்க்கலாம், கடிகார விலகலைச் சரிக்கட்டும் டிரிஃப்ட் கரெக்ஷனைத் தவறாமல் போட வேண்டும். இரண்டின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசப்பட்டாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லி செகண்டு விலகிவிடும். விடிய விடிய ஓடும் கூத்தில் அது தாளம் தப்பியது போலவே கேட்கும். பழைய நான்கு சேனல் பெட்டியை விற்றுவிட்டு எட்டாக வாங்குவதே நல்லது.

பறை, பம்பை அடிச்சா கெயின் ஜீரோல வச்சாலும் சிவப்பு லைட் எரியுது. ஏன்?

கெயின் என்பது ப்ரீஆம்ப் ஒலியைத் தூக்கும் அளவு. அதைக் குறைத்தும் சிவப்பு எரிந்தால் மைக் பொருத்தம் இல்லை. எஸ்எம்57 போன்ற, மின்சாரம் வேண்டாத டைனமிக் மைக்கோடு ஒப்பிட்டால், மின்சாரம் கேட்கும் சாதாரண கண்டென்சர் மைக் ஏறக்குறைய பத்து மடங்கு மின்னழுத்தம், அதாவது 20 டெசிபல் அதிகம் தரும். பறைக்கு ஒரு அடியில் கண்டென்சரை வைத்தால் ப்ரீஆம்ப் தாங்காது. பறை, பம்பை, தவிலுக்கு டைனமிக் வையுங்கள். கண்டென்சர்தான் வேண்டும் என்றால் ஒலி அளவைத் தணிக்கும் பேட் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேட் மைக்கிலும் இருக்கலாம், இன்டர்ஃபேஸிலும் இருக்கலாம். இரண்டும் ஒரே வேலை செய்வதில்லை. மைக்கின் உள்சுற்றே திணறினால் இன்டர்ஃபேஸின் பேட் உதவாது, சிவப்பு விளக்கு அணையும், கரகரப்பு அப்படியே இருக்கும். மைக்கின் பேடைத்தான் போட வேண்டும்.

ஒத்திகையில் மிக உரத்த அடி மென்பொருளின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கெயினை வையுங்கள். மேடையில் ஆள் சூடு பிடித்தால் இன்னும் 6 டெசிபல் ஏறும். 24 பிட்டில் பதிவதால் கீழே இடம் தாராளமாக இருக்கிறது.

48 வோல்ட் பேன்டம் போட்டா டைனமிக் மைக் கெட்டுப்போகுமா?

பேன்டம் என்பது கண்டென்சர் மைக்குக்காகப் பெட்டி கேபிள் வழியே தரும் 48 வோல்ட். கேபிள் சரியாக இருந்தால் டைனமிக் மைக் கெடாது. சில பெட்டிகளில் ஒரே சுவிட்ச் நான்கு அல்லது எட்டு சேனலுக்கும் சேர்த்து 48 வோல்ட் தரும் என்பதால் இதை அறிந்திருப்பது முக்கியம். ஆபத்து மைக் செட்டுக்காக உள்ளூரில் சால்டர் அடித்த கேபிள்களில் இருக்கிறது. இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் இருக்கும், உள்ளே 1-ம் பின்னையும் 3-ம் பின்னையும் சேர்த்து விட்டிருப்பார்கள். பேன்டம் போட்டதும் சுமார் 7 மில்லி ஆம்பியர் மைக்கின் சுருளுக்குள் ஓடும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 என்று பாருங்கள். 1-க்கும் 3-க்கும் இடையே பீப் வந்தால் அந்தக் கேபிளை ஒதுக்குங்கள்.

பாடும்போது ஹெட்ஃபோன்ல குரல் தாமதமா வருது.

பஃபரைக் குறையுங்கள். கணினி ஒவ்வொரு முறையும் சேர்த்து வைத்து அனுப்பும் ஒலியின் அளவுதான் அது. 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 10.7 மில்லி செகண்டு. 128 என்றால் 2.7. போகவும் வரவும் இரண்டு மடங்கு, ஒலியை டிஜிட்டலாக்கும் மாற்றிகளின் நேரம் தனி. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக 10 மில்லி செகண்டு என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். டோலக்காரருக்கு அது பழக்கம்தான். பாடுபவருக்குத் தன் குரலே அப்படி வந்தால் தொண்டை தடுமாறும். இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் (கணினிக்குப் போகாமல் நேராகக் கேட்கும் வழி) இருந்தால் அதைப் போட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால்தான் எதிரொலி போல இரட்டைக் குரல் கேட்கும்.

விண்டோஸில் தயாரிப்பாளரின் சொந்த ஏசியோ டிரைவரையே போடுங்கள். பொது டிரைவரில் எட்டு சேனலையும் நம்ப முடியாது.

"ம்ம்ம்"னு இரைச்சல் வருது. இன்டர்ஃபேஸ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. வீட்டு எர்த்துதான். மாற்றித் தாருங்கள் என்று கடைக்கு எடுத்துப் போகுமுன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் காதைத் தீட்டுங்கள். தாழ்ந்த "ம்ம்ம்" என்றால் 50 ஹெர்ட்ஸ், எர்த்து சம்பந்தப்பட்டது. "ஜிர்ர்" என்று கூர்மையாக இருந்தால் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் இவற்றில் ஒன்று. சுழற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தோ, ஃபேனையே நிறுத்தியோ பாருங்கள், "ஜிர்ர்" உடனே போய்விட்டால் காரணம் அதுதான். கெபாசிட்டர் வைத்த படி ரெகுலேட்டருக்கு மாற்றினால் தீரும்.

"ம்ம்ம்" என்றால் லேப்டாப் அடாப்டரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டதா? லேப்டாப், இன்டர்ஃபேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்குக் கொண்டுவாருங்கள். நிற்கவில்லையா? உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கீபோர்டைக் கழற்றியதும் நின்றால் கிரவுண்ட் லிஃப்ட் (கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் (லைன் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) ஒன்றை நடுவில் போடுங்கள்.

எதிலும் நிற்கவில்லை என்றால் சுவர் பிளக்கை அளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வயர்மேனைக் கூப்பிடுங்கள். பேஸ்-நியூட்ரல் 230 வோல்ட் அளவில் இருக்கும். பேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த்து ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸ்-எர்த்து 100, 120 என்று அலைந்தால் அந்த பிளக்குக்கு எர்த்தே வந்து சேரவில்லை. லேப்டாப் உடலைத் தொட்டால் சுருசுருவென்று இருப்பதும், மைக்கில் உதடு பட்டால் சுண்டுவதும் இதன் அறிகுறிதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு பருவக் காரணமும் உண்டு. பாலாறு வறண்டு, கத்திரி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும்போது எர்த்துக் குழியின் கரியும் உப்பும் காய்ந்துவிடும், தடை ஏறிவிடும். மார்கழியில் சுத்தமாக இருந்த அதே அறை சித்திரையில் இரைவது இதனால்தான். குழியின் குழாயில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கில் எர்த்துப் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஆம்பிளிஃபையரில் கசிவு வந்தால் அது பாடுபவரின் வாய்க்குத்தான் போகும்.

கரண்ட் போனா?

லேப்டாப் ஓடும், இன்டர்ஃபேஸ் அணையும், பதிவு அறுந்துவிடும். யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். எட்டு ப்ரீஆம்ப்பும் பேன்டமும் அதில் ஓடாது, தனி மின்சாரம் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பெட்டி ஓடும், கூடவே "ஜிர்ர்" ஏறும். அடாப்டர் 12 வோல்ட் டிசி வகையாக இருந்தால் வைஃபை ரூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் கைகொடுக்கும். ஆனால் வோல்ட், ஆம்பியர், ஜாக்கின் நடுப்பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற மூன்றும் பொருந்த வேண்டும். மாறினால் பெட்டி அந்த நொடியே போய்விடும்.

வெயில் காலத்துல ஃபேன் இல்லாம எப்படிங்க ரெக்கார்ட் பண்றது?

விடியற்காலை ஐந்து முதல் எட்டு வரை. தெருவும் அமைதியாக இருக்கும், குடியாத்தத்தில் என்றால் தறியும் ஓடாது. பல இன்டர்ஃபேஸ் கையேடுகளில் சுற்றுச்சூழல் வெப்ப உச்சவரம்பு 40 டிகிரி என்றே இருக்கிறது. வேலூரில் மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை அதைத் தாண்டும். பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், லேப்டாப்பை அதன் மேல் வைக்காதீர்கள். லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போதும் பதிவில் வெட்டு விழும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? பழைய லேப்டாப் தாங்குமா?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. எட்டு டிராக் ஒரு மணி நேரத்துக்கு 4.15 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 33 ஜிபி ஆகும். எஸ்எஸ்டி போட்டு, 8 ஜிபி ராம் இருந்தால் பழைய லேப்டாப்பே தாங்கும், பதிவின்போது எஃபெக்ட் எதையும் ஓட்டாதீர்கள். யூஎஸ்பி 2.0 வேகமே இதற்குத் தாராளம். பதிவு முடிந்த அன்றே இன்னொரு டிஸ்கில் நகல் எடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

வாங்கலாம், கையில் மல்டிமீட்டரும் ஒரு மைக்கும் இருந்தால். ஃபயர்வயர் பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், இன்றைய லேப்டாப்புகளில் அதற்குத் துளை கிடையாது. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

நேரில் பார்க்கும்போது ஒரே மைக்கை, ஒரே கெயினில், எட்டு சேனலிலும் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே தூரத்தில் எண்ணிப் பதியுங்கள். அலைவடிவங்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கெயின் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். கரகர என்றால் தூசி, சுத்தம் செய்தால் போகும். ஒரு இடத்தில் ஒலியே அறுந்தால் குமிழை மாற்ற வேண்டும்.

பிறகு மைக்கைக் கழற்றி பேன்டம் போடுங்கள். ஒவ்வொரு எக்ஸ்எல்ஆர் துளையிலும் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் இடையே டிசி வோல்ட் அளங்கள். இரண்டும் 44 முதல் 52-க்குள், ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் 48, மற்றொன்றில் பூஜ்யம் என்றால் அந்தச் சேனல் போய்விட்டது. டைனமிக் மைக்கில் பேசிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாமலே போகும். விற்பவர் அதைத்தான் மாட்டிக் காட்டுவார். எட்டில் ஒன்று போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். இரண்டு போயிருந்தால் விட்டுவிடுங்கள், மின்னலோ தவறான அடாப்டரோ உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்டியோடு வேறென்ன வாங்கணும்?

எட்டு மைக்குக்குப் பத்து எக்ஸ்எல்ஆர் கேபிள், 5 மீட்டர் நீளத்தில். லைனுக்கு நான்கு பி-38 (கால் இன்ச் ஜாக்) கேபிள். நான்கு வழி ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று, மூடிய ஹெட்ஃபோன் நான்கு. டிஐ பாக்ஸ் ஒன்று. உறுதியான ஸ்டாண்டு, ஏனென்றால் பம்பைக்காரர் ஆடும்போது சாதாரண ஸ்டாண்டு சாய்ந்துவிடும். கையில் பணம் குறைவாக இருந்தால் இரண்டு மைக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், கேபிளைக் குறைக்க வேண்டாம்.